பச்சைத்தண்ணி

சுடுதண்ணி ஊற்றக்கூடாது.
இரத்தம் அவிந்துவிடும்.
அவிந்தால் நூலோடு நூலாய்ப் போய்விடும்,
பிறகு அதுதான் துணியின் நிறம்.

கொட்பேயில் படித்தது இது.
பதினொரு வருஷமாய்ச் சூரை வெட்டுகிறேன்.
ஐஸ் கரைந்த தண்ணியில் சட்டையைப் போட்டு
ஒரு பிடி உப்பை எறிந்துவிட்டுப் படுத்தால்
விடிய வெளுத்துக் கிடக்கும்.

இது சூரை இல்லை.

பெரியாஸ்பத்திரியில் நிறோஜினியை விட்டுவிட்டு
எட்வினின் ஓட்டோவில் திரும்பினேன்.
பின்சீற்றைத் துடைத்துத் தாறன் என்றேன்.
"அதை நான் பாக்கிறன், நீ உள்ள போ."
காசு வாங்கவில்லை.

இரவு இரண்டு மணி.
மனையாவெளியில் ஒரு நாயும் குரைக்கவில்லை.
அறையில் லைற்றைப் போட்டேன்.
நீலப்பூப் போட்ட பெட்சீற்,
அதற்குக் கீழே மடித்து விரித்த பழஞ்சேலை,
அதற்கும் கீழே மெத்தை.
மூன்றிலும் ஒரே வடிவம்,
கீழே போகப்போகச் சிறிதாகி.

எங்கள் கிணறு உவர்.
சவர்க்காரம் நுரைக்காது, திரியும்.
பேசினில் அமுக்கிப் பிடித்தேன்.
முதலாம் தண்ணி கறுப்பு.
இரண்டாம் தண்ணி செம்பரத்தம்பூ அவித்தது போல.
மூன்றாம் தண்ணி, சூரைச் செவுள் அலசினது போல.
நாலாம் தண்ணியில் ஒன்றுமே தெரியவில்லை,
அதைத்தான் ஊற்ற மனம் வரவில்லை.
கானுக்குள் விடாமல்
முருங்கையடிக்குக் கொண்டுபோனேன்.

மெத்தை லேசில் விடவில்லை.
போன மாதம் என் கை வெட்டுக்கு வாங்கின
பெரொக்சைட் போத்தலில் கொஞ்சம் இருந்தது.
விட்டதும் சீறி நுரைத்தது,
உள்ளே ஏதோ இன்னும் மூச்சுவிடுவது போல.
தேய்த்தால் பரவும்.
ஒற்ற வேண்டும்,
ஓரத்திலிருந்து நடுவுக்கு, அவசரப்படாமல்,
பிள்ளையின் முழங்காலை ஒற்றுவது போல...
அந்த நினைப்பை அதோடு நிறுத்தினேன்.

மூன்றரைக்குப் போன் வந்தது.
"கழுவியாச்சு. நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்,"
என்றா நேர்ஸ்.
நானும் கழுவிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் ஒரு தேசிக்காயளவு மிஞ்சியது.
மெத்தையைப் பிரட்டிப் போட்டேன்.

பெட்சீற்றைக் கொடியில் விரித்தபோது
டச்சுக்குடாப் பக்கம் வெளிக்கத் தொடங்கியிருந்தது.
பஸ் ஸ்ராண்டில் கடதாசி தின்னும்
கோட்டை மான்களில் ஒன்று
வேலி உடைசலால் தலையை நீட்டிற்று.
பிறகு முழுசாய் உள்ளே வந்தது.
அலசியும் போகாத உப்பு கொஞ்சம்
துணியில் நின்றிருக்க வேண்டும்.
தொங்கின மூலையை நக்கத் தொடங்கியது,
நிதானமாக,
ஒரு கண்ணை என் மேல் வைத்தபடி.
கையில் ஈரச்சேலையோடு நின்றேன்.
கலைக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம்
எட்வினே ஏற்றிக்கொண்டு வந்தான்.
பின்சீற்றுக்குப் புது உறை.

அவள் படுக்கவில்லை.
விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.
மற்றப் பக்கம் வந்தும் பார்த்தாள்.
"எங்க?"
"கழுவிட்டன்."
"முழுக்கவா?"
"முழுக்க."
பாராட்டுவாளென்று நினைத்திருந்தேனோ என்னவோ.
ஸ்கானுக்கு வியாழக்கிழமைதான் நம்பர் தந்திருந்தார்கள்.
படமென்று ஒன்று இல்லை.
பெயர் பற்றி இன்னும் சண்டை பிடிக்கவில்லை.
"வேற என்ன இருந்தது எங்களிட்ட,"
என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மெத்தையின் அடிப்பக்கம் இருப்பது
வாய்வரைக்கும் வந்தது.
சொன்னது வேறு:
"விடிய ஒரு மான் வந்து
இதை நக்கிக்கொண்டு நிண்டது."

கனநேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு,
"எந்த மூலை?"

காட்டினேன்.
நூல் கொஞ்சம் பிரிந்து, கசங்கி இருந்தது.
அந்த மூலையைத் தலைமாட்டுக்கு வரும்படி
விரிப்பைத் தானே திருப்பிப் போட்டு,
கன்னத்தை அதில் வைத்துப் படுத்தாள்.